கார் பெயிண்டுக்குப் பாலிஷிங் பேட் தேர்ந்தெடுப்பது எப்படி? சேலம், ஏற்காடு வாகனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கார் பெயிண்டை மெஷின் கொண்டு பாலிஷ் செய்ய முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் காம்பவுண்ட் (பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்துக் கீறலை நீக்கும் பசை) வாங்கலாம் என்பதைத்தான். அந்தப் பசையைத் தேய்க்க மெஷினின் முகப்பில் மாட்டும் பேட் பற்றிய கேள்வி கடைசியாக வருகிறது. மெஷினுடன் சேர்ந்து வரும் பேட்டே போதும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரே காம்பவுண்டை ஊல் (கம்பளி) பேட்டில் வைத்துத் தேய்த்தால் பெயிண்ட் வேகமாக வெட்டுப்படும், அதாவது தேய்ந்து குறையும். அதையே மென்மையான ஃபோம் பேட்டில் வைத்தால் மெருகு மட்டுமே ஏறும். எவ்வளவு பெயிண்ட் போகிறது, எவ்வளவு சூடு ஏறுகிறது, கடைசியில் எப்படிப்பட்ட பளபளப்பு நிற்கிறது என்ற மூன்றையும் பெருமளவுக்குத் தீர்மானிப்பது பேட்தான். பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் தேய்ந்துபோனால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே, பேட் தேர்வைக் கடைக்காரரின் பரிந்துரைக்கோ, இணையத்தில் வரும் பட்டியலுக்கோ விடாமல், உங்கள் வண்டியின் பெயிண்டிலேயே சோதித்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி வலியுறுத்துவது. வீட்டு வாசலில் சொந்த வண்டிக்குப் பாலிஷ் போட நினைப்பவர்களையும், சிறிய அளவில் இதைத் தொழிலாகத் தொடங்குபவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

படி 1: பெயிண்டின் மேல் இருப்பது என்னவென்று பார்த்தல்

சேலத்து வண்டிகளுக்கென்று சில பாடுகள் உண்டு. நகரின் வடக்கே சுண்ணாம்புக்கரடு பகுதியில் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், வெட்டியெடுக்கும் சுரங்கங்கள் இருப்பதால், அந்தப் பக்கம் ஓடும் வண்டிகளில் வெள்ளைத் தூசி படிகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போது அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம்தான், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை விரித்தாற்போல் தெரியும் சுழல் கீறல்களுக்குப் பெரும்பாலும் காரணம். அடுத்தது போர்த் தண்ணீர். உப்பு அதிகமுள்ள நீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஓரம் தடித்த வெள்ளை வளையம் ஒன்று நின்றுவிடும். அந்த வளையத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மணல்போல் உரசினால் அது மேலே படிந்த உப்புதான். அதற்குப் பேட் தேவையில்லை, நீர்த்த வினிகரோ, நீர்க்கறை நீக்கியோ போதும். வழவழப்பாக இருந்தும் வளையம் தெரிந்தால், உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குத்தான் பேட் வேண்டும்.

ஏற்காட்டு வண்டிகளின் நிலை வேறு. சில்வர் ஓக், பலா மரங்களின் கீழ் நிற்கும் வண்டிகளில் பிசினும் பறவை எச்சமும் சேரும். சேலத்திலிருந்து செல்லும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மிதித்தே இறங்க வேண்டியிருப்பதால், வீல்களிலிருந்து கிளம்பும் இரும்புத் துகள் கதவுகளின் அடிப்பகுதியிலும் பின் பம்பரிலும் குத்திக்கொள்கிறது. ரயில் பாதையையும் இரும்புப் பட்டறைகளையும் ஒட்டி நிற்கும் வண்டிகளுக்கும் இதே தொல்லைதான்.

இவற்றையெல்லாம் நீக்காமல் பேட்டைத் தொடவே கூடாது. ஷாம்பூ போட்டுக் கழுவி, இரும்புத் துகள் நீக்கும் திரவத்தைத் தெளித்து, அது ஊதா நிறமாக ஒழுகி நின்ற பிறகு அலசி, பெயிண்டில் ஒட்டிய துகள்களைப் பிடித்தெடுக்கும் டீட்டெய்லிங் களிமண்ணை வழுக்கும் திரவத்துடன் மெதுவாக ஓட்ட வேண்டும். இந்தத் துகள்களில் ஒன்று ஃபோமுக்குள் புதைந்துவிட்டால், அந்தப் பேட் எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் வண்டி முழுவதும் கீறிக்கொண்டே போகும். காய்ந்த பிறகு நிழலில் நிறுத்தி, கைப்பேசி டார்ச்சையோ எல்இடி விளக்கையோ சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் உண்மை நிலை தெரியும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலை எந்தப் பேட்டாலும் பாதுகாப்பாக எடுக்க முடியாது. அதன் விளிம்பை மழுக்கிக் கண்ணுக்குக் குறைவாகத் தெரியச் செய்யலாம், அவ்வளவுதான்.

படி 2: எவ்வளவு பெயிண்ட் இருக்கிறது, அது எந்த வகை

இன்றைய கார்களில் தகட்டின் மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். நாம் வேலை செய்ய அனுமதி உள்ள இடம் அதன் மேற்பரப்பில் சில மைக்ரான் மட்டுமே. தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் ஒவ்வொரு பேனலையும் அளந்து, முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே தேய்த்து மெலிந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேனல் மட்டும் 200 மைக்ரானைத் தாண்டிக் காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது. தடிமன் கூடுதலாக இருக்கிறதே என்று அங்கே துணிந்து வெட்டக் கூடாது. அந்தக் கூடுதல், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியாகவோ (புட்டி) பிரைமராகவோ இருக்கலாம்.

பழைய வண்டிகளிலும், பட்டறையில் வெள்ளை போன்ற தனி நிறம் அடித்த வண்டிகளிலும் கிளியர் கோட் இல்லாமல் ஒரே அடுக்குப் பெயிண்ட் இருப்பது உண்டு. மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்துத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி கொண்டு பாருங்கள். அப்படிப்பட்ட பெயிண்டில் பேட் மிக விரைவாக நிறமேறி அடைத்துக்கொள்ளும் என்பதால் இரு மடங்கு பேட் கையிருப்பில் வேண்டும்.

படி 3: மெஷினைப் பொறுத்துப் பேட்

ரோட்டரி மெஷினில் பேட் ஒரே அச்சில் சுழல்கிறது. வெட்டு வேகம் அதிகம், சூடும் அதிகம், ஓரிடத்தில் நின்றால் பெயிண்டைச் சுட்டுவிடும். நம்மூர் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைகளில் வாட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்ட பிறகு ஊல் பேட்டுடன் ஓடுவது இதுதான். டிஏ (டூயல் ஆக்‌ஷன், அதாவது இரட்டை இயக்க) மெஷினில் பேட் சுழன்றுகொண்டே அச்சைச் சுற்றி ஆடவும் செய்கிறது. அந்த ஆட்டத்தின் அகலம் 8, 15, 21 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும். முதன்முறையாகச் செய்பவர்கள் டிஏ மெஷினையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிஏ மெஷினுக்குப் பேட் வாங்கும்போது தடிமனைக் கவனியுங்கள். தடித்த பேட் மெஷினின் ஆட்டத்தைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் பெயிண்டுக்கு அசைவு போய்ச் சேர்வதில்லை. ஏறக்குறைய 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான தடிமன் டிஏவுக்குப் பொருந்தும். ரோட்டரிக்கு அதைவிடத் தடித்தது நல்லது, ஏனெனில் அங்கே ஃபோம்தான் வளைவுகளுக்கு ஏற்பக் குழைந்து கொடுக்க வேண்டும். பேட்டை வெல்க்ரோவால் பிடித்திருக்கும் மெஷினின் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் வேலை செய்கிறது; ஃபெண்டர் வளைவில் கோடு நின்றுபோய் வெறும் நடுக்கம் மட்டும் இருந்தால், கை அழுத்தம் அதிகம், அல்லது அந்த இடத்துக்குப் பேட் பெரியது.

படி 4: பேட்டின் பொருள்

ஊல் பேட் என்பது செம்மறியாட்டு ரோமத்தாலோ, செயற்கை இழை கலந்தோ செய்யப்படுவது. ஒவ்வொரு ரோமமும் பெயிண்டை வெட்டுவதோடு, இழைகளுக்கு நடுவே காற்றும் புகுவதால், அதே அளவு வெட்டும் ஃபோமைவிடச் சூடு குறைவாகவே ஏறும். முறுக்கிய நூல் பேட் கடுமையானது. முறுக்காத மென்ரோமம் அதைவிடச் சாந்தமானது. வாட்டர் பேப்பர் தடத்தை எடுக்கவும், வெயிலில் வெளிறிக் கெட்டித்த பழைய பெயிண்டை மீட்கவும் இதற்கு இணையில்லை. ஆனால் ரோட்டரியில் ஊல் ஓடிய இடத்தில் ஹோலோகிராம் எனப்படும் அலையலையான தடம் கட்டாயம் நிற்கும். அடுத்து ஃபோம் பேட் ஓட்டி அதை எடுக்க நேரம் ஒதுக்காதவர் ஊலைத் தொடாமலிருப்பதே நல்லது. நிழலில் பளபளத்த கறுப்பு பானட்டை உச்சி வெயிலில் நிறுத்தியதும் எண்ணெய் படர்ந்த நீர்போல் தடங்கள் ஓடுவதற்கு, இந்த இரண்டாம் சுற்று விடுபட்டதுதான் காரணம்.

மைக்ரோஃபைபர் பேட் டிஏ மெஷினுக்கென்றே வந்தது. மெல்லிய ஃபோம் தளத்தின் மேல் குட்டையான இழைகள். கெட்டியான கிளியர் கோட்டில் ஃபோம் பேட் பலமுறை ஓடியும் அசையாத கீறலை இது குறைந்த சுற்றில் எடுத்துவிடும். மென்மையான பெயிண்டில், அதிலும் கறுப்பில், இதே பேட் பனிமூட்டம்போல் ஒரு மங்கலை விட்டுச் செல்லும். இன்னொரு நிபந்தனை: ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இழைகளைப் பிரஷ்ஷால் நிமிர்த்தியோ, கம்ப்ரெஸர் காற்றால் ஊதியோ விட வேண்டும். இல்லையெனில் காம்பவுண்டும் தேய்ந்த பெயிண்ட் துகளும் சேர்ந்து இழைகள் பாய்போல் படுத்துவிடும். அப்புறம் அது வெட்டாது, சூடாக்க மட்டுமே செய்யும்.

ஃபோம் பேட்தான் வீட்டில் செய்பவர்களுக்கு முதன்மையானது. பாலியூரித்தேன் நுரையின் கண்கள் ஒன்றுக்கொன்று திறந்திருந்தால் காற்றும் நீரும் எளிதில் ஊடுருவும். சூடு தணியும், கழுவுவதும் சுலபம், ஆனால் காம்பவுண்டைக் கூடுதலாகக் குடிக்கும். மூடிய கண் நுரை காம்பவுண்டை மேற்பரப்பிலேயே வைத்திருக்கும். சூடு உள்ளேயே தங்கும். சேலத்தின் வெப்பத்துக்குத் திறந்த கண் நுரையையே நான் பரிந்துரைக்கிறேன். விறைப்பில் மூன்று தரம் போதும்: வெட்டுவதற்கான கடினம், பாலிஷுக்கான நடுத்தரம், இறுதி மெருகுக்கான மென்மை. கடையில் பேட்டை இரு விரல்களால் அமுக்கிப் பாருங்கள். விட்டவுடன் முழுமையாக எழ வேண்டும். மேற்பரப்பில் கட்டம், குழி, நட்சத்திரம் என்று வெட்டியிருக்கும் வடிவங்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. நுரையின் தரமும் வெல்க்ரோ ஒட்டியிருக்கும் பசையின் தரமுமே முக்கியம்.

படி 5: நிறத்தை நம்பாதீர்கள்

பேட்டின் நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. ரூப்ஸ் நிறுவனத்தின் வரிசையில் நீலம் கடினமான வெட்டுப் பேட், மஞ்சள் மெருகுப் பேட். லேக் கன்ட்ரி வரிசையில் மஞ்சள்தான் வெட்டுப் பேட். வெள்ளை பாலிஷுக்கும் கறுப்பு இறுதி மெருகுக்கும் உரியவை. 3எம் வரிசையிலோ நீலம்தான் மிக மென்மையானது. ஒருவர் சொன்ன “நீலப் பேட்” என்ற அறிவுரையை வேறொரு நிறுவனத்தின் நீலத்தில் செய்து பார்த்தால், மெருகேற்ற வேண்டிய இடத்தில் வெட்டு விழும். வாங்கிய அன்றே பேட்டின் பின்புறம் வெல்க்ரோவின் ஓரத்தில் தரத்தையும் பயன்படுத்தப்போகும் காம்பவுண்டின் பெயரையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஒரு பேட்டுக்கு ஒரு காம்பவுண்ட் என்ற ஒழுங்கை மீறக் கூடாது.

படி 6: அளவு

பேட் எப்போதும் பேக்கிங் பிளேட்டைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும், 125 மி.மீ. பிளேட்டுக்கு 135 முதல் 150 மி.மீ. பேட் பொருந்தும். பிளேட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பெயிண்டில் பட்டே தீரும். கதவுக் கைப்பிடிக் குழி, பம்பர் மூலைகள், கண்ணாடிக் கூடு ஆகியவற்றுக்கு 75 முதல் 80 மி.மீ. பேட்டும் பிளேட்டும் தனியாக வேண்டும்.

படி 7: உள்ளங்கை அகலச் சோதனை

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இந்தப் படிதான் முக்கியமானது. ஜப்பானிய வண்டிக்கு மென்மையான பெயிண்ட், ஜெர்மன் வண்டிக்குக் கெட்டியான பெயிண்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஓரளவுக்குத்தான் உண்மை. ஒரே மாடலிலேயே நிறத்துக்கு நிறம் மாறும், மறுபெயிண்ட் அடித்த பேனல் அடியோடு மாறும். ஆகவே பானட்டில் மட்டமான ஓர் இடத்தில் மாஸ்கிங் டேப்பால் அரை மீட்டர்ச் சதுரம் கட்டி, அதை உள்ளங்கை அகலப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையில் சிறிய பேட்டால் வேலை செய்வது எளிது. கடைசியாகத் தேர்ந்த பேட்-பாலிஷ் இணையைப் பெரிய பேட்டில் முழுச் சதுரத்திலும் உறுதிசெய்யலாம்.

முதல் முயற்சி மென்மையான பேட்டும் மெல்லிய பாலிஷுமாக (காம்பவுண்டைவிட நுண்ணிய பசை) இருக்கட்டும். புதுப் பேட்டின் முகம் முழுவதும் பாலிஷை மெல்லியதாகத் தடவி ஊறவிட்டு, பிறகு பட்டாணி அளவில் நான்கைந்து பொட்டு வையுங்கள். மெஷினைப் பெயிண்டின் மேல் வைத்த பிறகே இயக்கி, குறைந்த வேகத்தில் பரப்பி, ஆறு நிலைகள் உள்ள டிஏவில் நான்கு அல்லது ஐந்தில் வைத்து, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூடும்படி குறுக்கும் நெடுக்குமாக நான்கு சுற்று ஓட்டுங்கள். நகர்த்தும் வேகம் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. போதும், பெரும்பாலோர் இதைவிடப் பல மடங்கு வேகமாக நகர்த்திவிட்டுப் பேட் சரியில்லை என்கிறார்கள்.

துடைத்த பிறகு தெரியும் பளபளப்பை நம்ப வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கும் தண்ணீர் மூன்று பங்கும் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு விளக்கை அடியுங்கள். டேப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறிப் பாருங்கள். கீறல் முக்கால்வாசி போயிருந்தால் அந்த இணையே போதும். எஞ்சிய கால் பங்குக்காகக் கிளியர் கோட்டைக் கரைப்பது, தினமும் ஓடும் வண்டிக்குத் தேவையில்லாதது. போதவில்லையென்றால் முதலில் பேட்டை மட்டும் அடுத்த கடினமான தரத்துக்கு மாற்றுங்கள், பாலிஷ் அதுவாகவே இருக்கட்டும். அப்போதும் போதாவிட்டால் பாலிஷுக்குப் பதில் அதிகம் வெட்டும் காம்பவுண்டுக்கு மாறுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. வெட்டு நன்றாக இருந்து மங்கல் நின்றால், அதே இடத்தில் மென்மையான பேட்டும் மெல்லிய பாலிஷும் கொண்டு இரண்டாம் சுற்று ஓட்டி, அந்த மங்கல் போகிறதா என்பதையும் சோதனையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பட்டறையிலிருந்து புதிதாக வந்த பெயிண்ட் முழுதாக இறுகும்வரை மென்மையாகவே இருக்கும். அதன் மேல் வெட்டுப் பேட் வேண்டாம். பிளாஸ்டிக் பம்பர் தகட்டைப்போல் சூட்டைக் கடத்தாது என்பதால் அங்கே ஒரு படி கூடுதல் மென்மையான பேட்டும் குறைந்த வேகமும் வேண்டும். பேனல்களின் விளிம்புகளிலும் கூர்மையான மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெலிந்திருக்கும். அவற்றை டேப் போட்டு மூடிவிடுங்கள்.

படி 8: எத்தனை பேட்

ஒரு ஹேட்ச்பேக் வண்டிக்கு ஒரே ஒரு பேட் என்று தொடங்குவதுதான் பலரது வேலை பாதியில் கெடக் காரணம். பேனல் இரண்டு முடியும்போதே ஃபோம் காம்பவுண்டால் நனைந்து கனத்துவிடும். விளிம்பை அமுக்கினால் விரலில் குழம்பாக ஒட்டும். அந்த நிலையில் அது வெட்டுவதுமில்லை, மெருகேற்றுவதுமில்லை. நடுத்தர ஃபோம் நான்கு, மென்மையானது இரண்டு, சிறிய அளவில் இரண்டு என்பது என் கணக்கு. மைக்ரோஃபைபராக இருந்தால் ஆறு. விலை உயர்ந்த பேட் ஒன்றைவிட, ஓரளவு நல்ல பேட் நான்கு எப்போதும் மேல்.

படி 9: சேலத்து வெயிலும் ஏற்காட்டுப் பனியும்

கோடையில் சேலத்தில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாட்கள் உண்டு. வெயிலில் நின்ற அடர்நிற பானட் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அதன் மேல் காம்பவுண்ட் வைத்தால் வேலை செய்யும் முன்பே காய்ந்து பொடியாகிப் பேட்டை அடைத்துவிடும். அதிகாலையில் தொடங்கி, நிழலில், புறங்கையை வைத்தால் சுடாத பேனலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பெயிண்டையும் பேட்டின் நடுவையும் தொட்டுப் பாருங்கள்; சூடு முதலில் தங்குவது நடுவில்தான், வெல்க்ரோவின் கொக்கிகள் உருகத் தொடங்குவதும் அங்கேதான். நடுவில் துளையுள்ள பேட் இதற்கு ஓரளவு உதவும். பேட் சீக்கிரம் காய்ந்தால் ஒரு தெளிப்பு டிஸ்டில்டு வாட்டர் போதும், பேட்டரிக் கடையில் கிடைக்கும். போர்த் தண்ணீரை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். தூசிக் காற்று அடிக்கும் நாளில் திறந்தவெளியில் இறுதி மெருகுப் பேட்டை எடுக்கவே வேண்டாம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் சிக்கல் தலைகீழானது. காலைப் பனி பேனலில் ஈரமாக நிற்கும். அது முழுதும் உலராமல் பேட்டை வைத்தால் காம்பவுண்ட் நீர்த்து வழுக்கும். குளிரில் பாலிஷ் நீண்ட நேரம் ஈரமாகவே இருப்பதால் பொட்டுகளைக் குறைத்துக்கொண்டு, பேட்டைத் துணியில் அடிக்கடி ஒற்றி எடுப்பது நல்லது. குளிரில் ஃபோமும் விறைப்பாக இருக்கும். முதல் பகுதியை வைத்து அந்தப் பேட்டின் வெட்டை எடைபோடாதீர்கள்.

படி 10: கழுவுதல், உலர்த்துதல், ஒதுக்குதல்

வேலை முடிந்த அன்றே கழுவ வேண்டும். காய்ந்த காம்பவுண்ட் நுரைக்குள் கல்லாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் பேட் கிளீனரோ, பாத்திரம் கழுவும் மென்மையான திரவமோ கலந்து, விரல்களால் அமுக்கி அமுக்கி நுரை தெளியும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் பசையிலிருந்து பிரியும். உலர்த்தும்போது வெல்க்ரோ மேலே இருக்கும்படி வைத்தால் நீர் பசையில் தேங்காமல் வடியும். மொட்டை மாடி வெயிலில் சீக்கிரம் காயும் என்று போட்டுவிடக் கூடாது. நேர் வெயிலில் நுரை நொறுங்கும், பசை இளகும். சேலத்தில் மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு போதும். ஏற்காட்டில் மழை, மூடுபனிக் காலங்களில் அதற்கு மேலும் நாளாகும். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடித்துவிடும்.

தரையில் விழுந்த பேட்டைத் தட்டிவிட்டு மறுபடி பயன்படுத்தாதீர்கள். கழுவி, முகத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே எடுங்கள். அமுக்கினால் எழாமல் நடுவில் குழி விழுந்தது, ஓரத்தில் வெல்க்ரோ பிரிந்தது, முகம் கிழிந்தது, கழுவிய பிறகும் கட்டியாக இறுகியிருப்பது ஆகியவை பெயிண்டுக்கு உதவா. பேக்கிங் பிளேட்டின் கொக்கிகள் தேய்ந்து பேட் தளர்வாகப் பிடித்தால் பிளேட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஓடும் மெஷினிலிருந்து பேட் கழன்றால் வெற்றுப் பிளேட் பெயிண்டில் இறங்கும். கழித்த பேட்களில் வெல்க்ரோ உறுதியாக இருப்பவற்றை மஞ்சளித்த ஹெட்லைட் கண்ணாடிகளுக்கென்று தனி டப்பாவில் போட்டுவையுங்கள்.